ஆள் ஏறாத வண்டியும் ஆள் ஏறிய வண்டியும்: டிரெயில் பைக்கின் ஃபிரேம் எண்களைப் படித்துச் சரிசெய்யும் முறை

டிரெயில் பைக் விற்கும் எந்த நிறுவனத்தின் பக்கத்திலும் படங்களையும் விலையையும் தாண்டிக் கீழே போனால், அளவுவாரியாக எண்கள் அடுக்கிய வடிவ அட்டவணை ஒன்று இருக்கும். ஹெட் கோணம் (ஹேண்டில்பாரும் முன்சக்கரமும் திரும்பும் ஹெட் டியூப் என்ற முன்குழாயின் சாய்வு), சீட் கோணம் (சீட் குழாயின் சாய்வு), ரீச், ஸ்டாக், செயின்ஸ்டே (பெடல்கள் சுழலும் அச்சிலிருந்து பின்சக்கர அச்சு வரையுள்ள நீளம்), வீல்பேஸ் (இரு சக்கர அச்சுகளுக்கிடையே உள்ள தூரம்) என்று நீளும் அந்தப் பட்டியலில் பலர் ஒற்றை எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஒருவர் ஹெட் கோணத்தைப் பார்த்து இது இறக்கத்துக்கான வண்டி என்று முடிவுகட்டுவார். இன்னொருவர் ரீச்சைப் பார்த்து அளவைத் தேர்ந்துவிடுவார். இரண்டும் பாதி வாசிப்புதான். அட்டவணையில் இருப்பது ஆளில்லாமல் நிற்கும் வண்டி. நீங்கள் ஏறியதும் முன் சஸ்பென்ஷனும் பின் சஸ்பென்ஷனும் வெவ்வேறு அளவில் அமிழ்ந்து, கோணங்கள் சாய்ந்து, பெடல்கள் தரையை நெருங்கி, அது வேறொரு வண்டியாகிவிடுகிறது. அந்த இரண்டாவது வண்டியை எண்களிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது, உங்கள் எடை இரு சக்கரங்களுக்கிடையே எங்கே விழுகிறது என்று எப்படிக் கணக்கிடுவது, பிறகு பம்பும் அளவுகோலும் கொண்டு அதை எப்படித் திருத்துவது என்பவற்றை இங்கே எழுதுகிறேன்.

டிரெயில் பைக் என்று இன்று சொல்லப்படுவது, பெரும்பாலும் 29 அங்குலச் சக்கரமும் பின்பக்கம் 120 முதல் 150 மில்லிமீட்டர் வரை சஸ்பென்ஷன் ஓட்டமும் (சக்கரம் மேலே நகரக்கூடிய தூரம்) உள்ள, ஏற்றத்தை மிதித்தே ஏறி அதே ஏற்றத்தை வேகமாக இறங்கக்கூடிய வண்டி. ஸ்பெஷலைஸ்டு ஸ்டம்ப்ஜம்பர், டிரெக் ஃபியூயல் ஈஎக்ஸ், சாண்டா குரூஸ் ஹைடவர், ஐபிஸ் ரிப்மோ ஆகியவை இந்த வகையில் பலருக்குத் தெரிந்த பெயர்கள். கணக்குக்கு வசதியாக, இந்தக் கூட்டத்தின் நடுவில் வரக்கூடிய ஒரு மாதிரி வண்டியை எடுத்துக்கொள்கிறேன். லார்ஜ் அளவு, ரீச் 475, ஸ்டாக் 620, செயின்ஸ்டே 435, வீல்பேஸ் 1230, பாட்டம் பிராக்கெட் (பெடல்கள் சுழலும் அச்சு இருக்கும் இடம்) உயரம் 340 மில்லிமீட்டர். ஹெட் கோணம் 65 பாகை, சீட் கோணம் 76 பாகை. பின் ஓட்டம் 130, முன் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை) 140 மில்லிமீட்டர்.

எண்கள் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்த கதை

1976 அக்டோபர் 21 அன்று கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்தில், ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே, ரீபேக் என்று பின்னர் பெயர்பெற்ற மண்சாலையில் முதல் இறக்கப் பந்தயம் நடந்தது. பழைய தடித்த டயர் சைக்கிள்களின் கோஸ்டர் பிரேக், ஒரே இறக்கத்தில் கிரீஸ் எரியும் அளவுக்குச் சூடாகி, மீண்டும் கிரீஸ் அடைக்க வேண்டியதாகிவிடும். பெயரே அப்படி வந்ததுதான். அங்கே ஓட்டியவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் அடுத்த ஆண்டு தனியாக ஃபிரேம் கட்டினார். பின்னர் 1990-களில் பந்தயங்கள் பெருகியபோது மலைச் சைக்கிளின் வடிவம் சாலைச் சைக்கிளின் பக்கம் சாய்ந்தது. 71 பாகை ஹெட் கோணம், 73 பாகை சீட் கோணம், 120 மில்லிமீட்டரைத் தாண்டிய ஸ்டெம் (ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் துண்டு) என்பதே அன்றைய வழக்கு. ஏறும்போது சரி, செங்குத்தாக இறங்கும்போது ஹேண்டில்பாருக்கு மேலே பறந்துவிடும் ஆபத்து எப்போதும் இருந்தது.

அதன் பிறகு நடந்தவை அனைத்தும் ஒரே திசையில் போயின. அமெரிக்கத் தயாரிப்பாளர் கேரி ஃபிஷர் 1990-களின் பிற்பகுதியில் ஃபிரேமின் முன்பகுதியை நீட்டி ஸ்டெம்மைச் சுருக்கினார். ஸ்பெயினின் மோண்டிரேக்கர் 2012 வாக்கில் அதையே எல்லைவரை கொண்டுபோய், மிகக் குட்டையான ஸ்டெம்முடன் வண்டிகளை வெளியிட்டது. அமெரிக்காவின் டிரான்சிஷன் 2017-இல் சாய்ந்த ஹெட் கோணத்தோடு குறைந்த ஆஃப்செட் (திருப்பும் அச்சுக்கு முன்னே சக்கர அச்சு தள்ளியிருக்கும் தூரம்) உள்ள ஃபோர்க்கைச் சேர்த்தது. இன்று 64 முதல் 66 வரையிலான ஹெட் கோணமும், 35 முதல் 50 மில்லிமீட்டர் ஸ்டெம்மும், 76-ஐத் தொட்ட சீட் கோணமும் பொதுவாகிவிட்டன. முன்சக்கரம் ஓட்டுபவரைவிட்டு முன்னே போனது. ஓட்டுபவர் பெடல்களுக்கு மேலே வந்தார். இந்த நகர்வின் விலை என்ன என்பதைக் கீழே பார்க்கலாம்.

ரீச் நிற்பதற்கு, மேற்குழாய் நீளம் உட்காருவதற்கு

ரீச் என்பது பாட்டம் பிராக்கெட்டின் மையத்திலிருந்து ஹெட் டியூபின் மேல்நுனி மையம் வரை கிடைமட்டமாக அளந்த தூரம். அதே இரு புள்ளிகளுக்கிடையிலான செங்குத்து உயரம் ஸ்டாக். பெடல்மேல் எழுந்து நின்று ஓட்டும்போது கைக்கும் காலுக்கும் இடையே எவ்வளவு இடம் இருக்கும் என்பதை இந்த இரண்டும் சேர்ந்து சொல்கின்றன. உட்கார்ந்து மிதிக்கும்போது உள்ள நீளத்தை இவை சொல்வதில்லை. அதைச் சொல்வது கிடைமட்ட மேற்குழாய் நீளம், அதாவது ஹெட் டியூபின் மேல்நுனியிலிருந்து சீட் கோணக் கோடு வரை கிடைமட்டமாக உள்ள தூரம். நம் மாதிரி வண்டியில் 76 பாகை சீட் கோணத்துக்கு அது ஏறத்தாழ 630 மில்லிமீட்டர் வரும். அதே ரீச், அதே ஸ்டாக் இருந்தும் சீட் கோணம் 74 ஆக இருந்தால் 653 ஆகிவிடும். ஒரே ரீச் உள்ள இரு வண்டிகள் உட்காரும்போது 23 மில்லிமீட்டர் வேறுபடுகின்றன என்பது, கிட்டத்தட்ட ஒரு முழு அளவு வித்தியாசம்.

இந்த இடத்தில்தான் நானும் ஒரு முறை சறுக்கினேன். ஒரு கடையின் வாகன நிறுத்தத்தில், சமதளத்தில் உட்கார்ந்து நான்கு சுற்று ஓட்டிவிட்டு, லார்ஜ் குறுகலாக இருக்கிறது என்று எக்ஸ்எல் வாங்கிவிட்டேன். செங்குத்தான சீட் கோணத்தால் உட்காரும் நீளம் சுருங்கித் தெரிந்ததே அதற்குக் காரணம். ஃபிரேம் குறுகலாக இல்லை. மலைக்குப் போய் எழுந்து நின்றபோது கைகள் நீண்டு, முழங்கை மடங்கவே இல்லை. ஆறு மாதத்தில் அந்த ஃபிரேமை நட்டத்துக்கு விற்றேன்.

புதிய வண்டியின் எண்கள் உங்களுக்குப் பொருள்பட வேண்டுமானால், இப்போது ஓட்டும் வண்டியை முதலில் அளந்துகொள்ளுங்கள். சமதளத் தரையில், பின்சக்கரம் சுவரைத் தொடும்படி வண்டியை நேராக நிறுத்துங்கள். கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) சுழலும் அச்சின் மையத்திலிருந்து நூல்குண்டு ஒன்றைத் தொங்கவிட்டுத் தரையில் பென்சில் குறி போடுங்கள்; ஹெட் டியூபின் மேல்நுனி மையத்திலிருந்து இன்னொன்று. ஹேண்டில்பாரைச் சற்றுத் திருப்பினால் நூல் முன்சக்கரத்தில் சிக்காமல் இறங்கும். சுவரிலிருந்து இரு குறிகளுக்கும் உள்ள தூரங்களின் வித்தியாசமே உங்கள் ரீச். நூல்குண்டு இல்லையென்றால் தையல் நூலில் கட்டிய ஒரு நட்டு போதும். பத்து நிமிட வேலை. பெரும்பாலானோர் இதைச் செய்வதேயில்லை என்பதுதான் வியப்பு.

சீட் கோணத்தில் ஒரு கண்கட்டு உண்டு. அட்டவணையில் போடுவது கணக்கில் பெறப்படும் கோணம். குழாய் உண்மையில் அதைவிடச் சாய்ந்திருக்கும், பின்சக்கரத்துக்கு இடம்விட வேண்டும் அல்லவா. குழாயின் உண்மைக் கோணம் 70 பாகை என்றால், சீட்டை 100 மில்லிமீட்டர் உயர்த்தும்போது அது 34 மில்லிமீட்டர் பின்னே போகும். 76 பாகைக் கோடு 24 மில்லிமீட்டர் மட்டுமே பின்னே போகும். ஆகவே நீண்ட கால்கள் உள்ளவர் அச்சிட்ட கோணத்தில் முக்கால் பாகையோ ஒரு பாகையோ கழித்துக்கொள்வது நல்லது. எந்தச் சீட் உயரத்தில் அந்தக் கோணத்தை அளந்தார்கள் என்று சில நிறுவனங்கள் சொல்கின்றன. அப்படிச் சொல்பவர்களின் அட்டவணையை நான் கூடுதலாக நம்புவேன்.

எடை எங்கே விழுகிறது

எழுந்து நின்று, கைகளில் பாரம் ஏற்றாமல் ஓட்டும்போது உங்கள் எடை முழுவதும் பெடல்கள் வழியாகப் பாட்டம் பிராக்கெட்டில் இறங்குகிறது. அப்போது முன்சக்கரத்துக்குப் போகும் பங்கு, பின் அச்சிலிருந்து பாட்டம் பிராக்கெட் வரையுள்ள தூரத்தை வீல்பேஸால் வகுத்தால் கிடைக்கும். நம் மாதிரி வண்டியில் 434-ஐ 1230-ஆல் வகுக்க, 35 சதவீதம். இதே மாதிரியின் ஸ்மால் அளவில் செயின்ஸ்டே மாறாமல் வீல்பேஸ் மட்டும் 1170 ஆனால் 37 சதவீதம். எக்ஸ்எல் அளவில் 1265 ஆனால் 34 சதவீதம். ஒரே பெயரில் விற்கப்படும் வண்டி, குள்ளமானவருக்கு முன்சக்கரம் நன்றாகப் பதியும் வண்டியாகவும், உயரமானவருக்கு முன்சக்கரம் மிதக்கும் வண்டியாகவும் இருப்பது இதனால்தான். எக்ஸ்எல் ஓட்டுபவருக்கு லார்ஜின் சமநிலை கிடைக்க வேண்டுமென்றால் செயின்ஸ்டே ஏறத்தாழ 19 மில்லிமீட்டர் நீள வேண்டும். நார்கோ போன்ற நிறுவனங்கள் அளவுக்கு அளவு செயின்ஸ்டேயை மாற்றுவது இந்தக் கணக்கை ஒட்டியதே. எல்லா அளவுக்கும் ஒரே செயின்ஸ்டே போடுவது தயாரிப்புச் செலவைக் குறைக்கும். ஓட்டுபவருக்கு அதில் லாபம் ஒன்றுமில்லை.

முன்பகுதி நீண்ட வண்டியின் விலை இதுதான். கனடாவில் வடக்கு வான்கூவரின் ஃபிரோம் மலையில், நனைந்த தேவதாரு வேர்கள் குறுக்கே கிடக்கும் தடத்தில், செங்குத்தான இடங்களில் அந்த நீளம் உயிரைக் காக்கும். பூமியின் சாய்வே எடையை முன்னே தள்ளிவிடுவதால் முன்சக்கரம் தானாகப் பதியும். அதே தடம் கொஞ்சம் சமதளமாகி ஒரு தட்டையான வளைவு வந்தால், பின்னால் தொங்கிக்கொண்டு ஓட்டும் பழைய பழக்கக்காரரின் முன் டயர் வழுக்கிவிடும். நீண்ட வண்டியை வளைவில் திருப்ப, மார்பைத் தாழ்த்தி, முழங்கைகளை வெளியே விரித்து, தாடை ஸ்டெம்முக்கு மேலே வரும்படி முன்னே சாய வேண்டும். வண்டியைச் சாய்ப்பது கை. உடல் அதைவிடக் குறைவாகச் சாயும். வெளிப்பக்கப் பெடலில் பாரம் இருக்க வேண்டும். இதைச் செய்ய மனமில்லாதவருக்கு அரை அளவு சிறிய வண்டியே பொருந்தும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஹெட் கோணமும் ஆஃப்செட்டும் சேர்ந்தே பேசும்

திருப்பும் அச்சைத் தரைவரை நீட்டினால் அது ஒரு புள்ளியில் தொடும். டயர் தரையைத் தொடுவது அதற்குப் பின்னால். இந்த இடைவெளிக்கும் டிரெயில் என்றே பெயர், குழப்பமான பெயர்ப் பொருத்தம். இடைவெளி கூடக்கூடச் சக்கரம் தானாக நேராகும் போக்கு கூடும். மெதுவாகப் போகும்போது ஹேண்டில்பார் ஒருபக்கம் மடிந்து விழும் உணர்வும் கூடும். சக்கரத்தின் ஆரத்தை ஹெட் கோணத்தின் கோசைனால் பெருக்கி, ஃபோர்க்கின் ஆஃப்செட்டைக் கழித்து, வந்ததைச் சைனால் வகுத்தால் அளவு கிடைக்கும். 370 மில்லிமீட்டர் ஆரமும் 68 பாகையும் 51 மில்லிமீட்டர் ஆஃப்செட்டும் உள்ள சற்றுப் பழைய 29 அங்குல வண்டியில் அது 94 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். 65 பாகையும் 44 ஆஃப்செட்டும் உள்ள நம் மாதிரி வண்டியில் 124. அதே 65 பாகையில் 51 ஆஃப்செட் போட்டால் 116. அதாவது ஆஃப்செட்டால் வரும் மாற்றம் 8 மில்லிமீட்டர். மூன்று பாகை சாய்வால் வரும் மாற்றம் 20-க்கு மேல். ஆஃப்செட்டுக்காகப் புது ஃபோர்க் வாங்குவதற்கு முன் இந்த விகிதத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டெம் நீளம், ஆஃப்செட்டுக்கு அருகில் இருக்கும்போது கை அசைவும் சக்கர அசைவும் இயல்பாக ஒத்துப்போவதாகப் பலர் உணர்கிறார்கள். 40 முதல் 50 மில்லிமீட்டர் என்பது டிரெயில் பைக்குக்குப் பாதுகாப்பான தொடக்கம்.

அமிழ்ந்த வண்டியைக் கணக்கிடுதல்

உடல் எடைக்குச் சஸ்பென்ஷன் இறங்கி நிற்கும் அளவை ஓட்டுபவர்கள் சேக் என்பார்கள். நான் அமிழ்வு என்று எழுதுகிறேன். பின்னால் 30 சதவீதம் என்றால் 130-இல் 39 மில்லிமீட்டர். முன்னால் 20 சதவீதம் என்றால் ஃபோர்க்கின் சாய்வு வழியே 28. செங்குத்தாகப் பார்த்தால் 25. பின்பக்கம் 14 மில்லிமீட்டர் கூடுதலாக இறங்குவதால், 1230 வீல்பேஸில் முழு வண்டியும் ஏறத்தாழ முக்கால் பாகைக்குச் சற்றுக் குறைவாகப் பின்னே சாய்கிறது. 65 பாகை ஹெட் கோணம் 64.3 ஆகும், சீட் கோணம் 75.3 ஆகும், ரீச் 7 மில்லிமீட்டர் குறையும். பாட்டம் பிராக்கெட் 34 மில்லிமீட்டர் இறங்கி 306-க்கு வரும். 170 மில்லிமீட்டர் கிராங்க் கீழே போகும்போது பெடல் அச்சுக்கும் தரைக்கும் இடையே 136. பெடலின் பாதித் தடிமனைக் கழித்தால் 13 சென்டிமீட்டருக்கும் குறைவு. உட்டாவின் மோவாபில் படிக்கட்டுப்போல் அடுக்கிய மணற்பாறைகளில் மிதித்துக்கொண்டே ஏற முயன்றவர்களுக்கு அந்த உயரம் எவ்வளவு சொற்பம் என்று தெரியும். 165 கிராங்க் போட்டால் 5 மில்லிமீட்டர் மீட்கலாம். முழங்காலும் நன்றி சொல்லும்.

செங்குத்தான ஏற்றத்தில் நிலைமை இன்னும் மாறும். எடை பின்னே போவதால் பின்பக்கம் 46 மில்லிமீட்டர் அமிழ்ந்து, ஃபோர்க் 6 மில்லிமீட்டர் மட்டும் அமிழ்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வண்டி இரண்டு பாகைக்கு மிக அருகில் சாய்கிறது. 76 பாகை என்று வாங்கிய சீட் கோணம் 74 ஆகிவிட்டது, ரீச் 20 மில்லிமீட்டர் சுருங்கிவிட்டது, முன்சக்கரம் அலைகிறது. பின் சஸ்பென்ஷன் இல்லாத வண்டியில் நேர்மாறு: ஃபோர்க் மட்டும் அமிழ்வதால் கோணங்கள் செங்குத்தாகும். அதனால்தான் இந்த இரு வகை வண்டிகளின் அட்டவணைகளை அருகருகே வைத்து ஒப்பிடுவது பிழை.

பின் சஸ்பென்ஷன்: பெயரை விடுங்கள், வளைகோட்டைக் கேளுங்கள்

பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் முறைகளுக்குப் பெயர்கள் பல. இங்கிலாந்தின் ஆரஞ்ச் நிறுவனம் நெடுங்காலம் ஒற்றை மூட்டையே நம்பி வந்தது. செயின்ஸ்டேயில் பின் அச்சுக்கு முன்னால் ஒரு மூட்டு வைக்கும் ஹார்ஸ்ட் லிங்க், அதை வடிவமைத்த ஹார்ஸ்ட் லைட்னரின் பெயரால் அழைக்கப்படுகிறது. அதன் காப்புரிமையை ஸ்பெஷலைஸ்டு 1998-இல் வாங்கியது, 2013-இல் அது காலாவதியான பிறகு அமெரிக்கச் சந்தையில் பலரும் அதைப் பயன்படுத்தத் தொடங்கினர். இரண்டு குட்டை இணைப்புகள் எதிரெதிர்த் திசையில் சுழல்வது சாண்டா குரூஸின் விபிபி. ஒரே திசையில் சுழல்வது டேவ் வீகிள் வடிவமைத்த டிடபிள்யூ லிங்க். டிரெக், பின் அச்சைச் சுற்றியே மூட்டு வைக்கிறது. கனடாவின் ஃபார்பிடன் 2019-இல் வெளியிட்ட டிரூயிடில் மூட்டு உயரே போய், செயினை உயர்த்திப் பிடிக்க ஒரு சிறு பல்சக்கரம் சேர்ந்தது. அமிழும்போது பின்சக்கரம் பின்னே நகர்வதால் பாறை விளிம்பில் மோதும்போது அதிர்வு குறையும், வீல்பேஸ் நீளும்.

ஆனால் பெயர் எதையும் உறுதி செய்வதில்லை. ஒரே ஹார்ஸ்ட் லிங்க்கில் சொகுசான வண்டியும் கட்டலாம், இறுக்கமான வண்டியும் கட்டலாம். கேட்க வேண்டியவை இரண்டு. முதலாவது நெம்பு விகிதம்: சக்கரம் எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தால் ஷாக் (பின் சஸ்பென்ஷனில் அமுங்கி நிமிரும் தண்டு) ஒரு மில்லிமீட்டர் அமுங்கும் என்பது. 130 மில்லிமீட்டர் ஓட்டத்துக்கு 50 மில்லிமீட்டர் ஷாக் என்றால் சராசரி 2.6. அது தொடக்கத்தில் 2.9 ஆகவும் முடிவில் 2.3 ஆகவும் இறங்கினால், தொடக்கம் இளகலாகவும் கடைசி இறுக்கமாகவும் இருக்கும். 20 சதவீதம் இறங்குகிறது என்பார்கள். இறங்காமல் தட்டையாக இருக்கும் ஃபிரேமில் கம்பிச்சுருள் ஷாக் போட்டால் தாவி இறங்கும் ஒவ்வொரு முறையும் அடிதட்டும்.

இரண்டாவது, மிதிக்கும்போது செயின் இழுப்பு என்ன செய்கிறது என்பது. வேகமெடுக்கும்போது எடை பின்னே சாய்ந்து சஸ்பென்ஷனை அமுக்கப் பார்க்கும். செயின் இழுப்பு அதை நிமிர்த்தப் பார்க்கும். இரண்டும் சரிசமம் என்றால் 100 சதவீதம். அமிழ்வு நிலையில் அந்த எண் 100-ஐ ஒட்டி இருந்தால் ஷாக்கைப் பூட்டாமலே ஏறலாம். அதற்கும் விலை உண்டு: வழக்கமான வடிவங்களில் சஸ்பென்ஷன் அமுங்கும்போது செயினின் மேற்பாதி நீள வேண்டியிருப்பதால், பெரிய அடி விழும்போது பெடல் பின்னே உதைக்கும். முன் பல்சக்கரத்தை 32-இலிருந்து 30-க்கு மாற்றினால் பெரும்பாலான ஃபிரேம்களில் இந்த இழுப்பு விளைவு கூடும் என்பதையும் கவனத்தில் வையுங்கள்.

ஃபிரேமின் மற்ற விவரங்களை வேகமாகச் சொல்லிவிடலாம். 148 மில்லிமீட்டர் பின் ஹப், மரையிட்ட பாட்டம் பிராக்கெட், எங்கும் கிடைக்கும் பொதுவான டிரெய்லியர் ஹேங்கர் (பின் கியர் மாற்றியைத் தாங்கும் துண்டு), தண்ணீர்ப் பாட்டிலுக்கு இடம், டிராப்பர் சீட்போஸ்ட் (ஓட்டும்போதே சீட்டை இறக்கி ஏற்றும் தண்டு) முழுவதும் உள்ளே இறங்கும் நேர்க்குழாய் இருந்தால் போதும். ஹெட்செட் (ஹெட் டியூபில் இருக்கும் பேரிங் தொகுதி) வழியாகப் பிரேக் குழாய்களை உள்ளே விடும் புது வழக்கம் மெக்கானிக்கின் மணிநேரத்தைத் தின்பதைத் தவிர வேறொன்றும் செய்வதாக எனக்குத் தெரியவில்லை. கார்பனா அலுமினியமா என்ற கேள்வி எடையையும் பணத்தையும் பற்றியது. ஓட்டத்தை முடிவுசெய்வது முதலில் வடிவம்.

அமிழ்வை அமைத்தல்

ஓட்டும்போது சுமக்கும் எல்லாவற்றையும் அணிந்துகொள்ளுங்கள்: ஹெல்மெட், முழங்கால் காப்பு, தண்ணீர் நிரம்பிய பை. ஷாக்கின் பூட்டு விசையை முழுவதும் திறந்துவிடுங்கள். ஷாக் பம்பை மாட்டி, உங்கள் எடைக்குத் தயாரிப்பாளர் சொல்லும் அழுத்தத்தை ஏற்றுங்கள். ஏற்றியதும் வண்டிமேல் ஏறிப் பத்து முறை மெதுவாக அமுக்கி எழுப்புங்கள். காற்று ஷாக்குக்குள் இரண்டு அறைகள் உண்டு, இப்படிச் செய்தால்தான் அவை சமமாகும். மீண்டும் பம்பைப் பார்த்தால் அழுத்தம் இறங்கியிருக்கும், திரும்ப ஏற்றுங்கள். பம்பைக் கழற்றும்போது வரும் சீறல் பம்புக் குழாயில் இருந்த காற்று, ஷாக்கில் இருந்தது இல்லை. அதற்குப் பயந்து இரண்டு முறை கூடுதலாக அடிக்க வேண்டாம்.

இப்போது ஒரு கையால் சுவரைத் தொட்டபடி, இரு பெடல்களும் சமமாக இருக்க எழுந்து நின்று, வழக்கமான ஓட்டும் நிலைக்கு வாருங்கள். ஷாக் தண்டில் இருக்கும் ரப்பர் வளையத்தை நண்பர் ஒருவர் அடைப்பு வரை தள்ளிவிடட்டும். பிரேக் பிடிக்காமல், குதிக்காமல், பின்பக்கமாக மெல்ல இறங்குங்கள். வளையம் நின்ற இடத்துக்கும் அடைப்புக்கும் இடையே அளவுகோலை வைத்துப் பாருங்கள். 50 மில்லிமீட்டர் ஷாக்கில் 15 வந்தால் 30 சதவீதம். 18 வந்தால் காற்று போதாது. 5 பிஎஸ்ஐ ஏற்றி மறுபடியும் தொடங்குங்கள். உட்கார்ந்து அளந்தால் எடை பின்னே விழுவதால் எண் கூடும். எந்த முறையைத் தேர்ந்தாலும் அதையே எப்போதும் பின்பற்றுங்கள். ஃபோர்க்குக்கு 15 முதல் 20 சதவீதம் போதும்.

அடுத்து, அமுங்கியது எவ்வளவு விரைவாக நிமிர்கிறது என்பது. அதற்குரிய குமிழை முழுவதும் மூடி, அங்கிருந்து திறக்கும் சொடுக்குகளை எண்ணுங்கள். திறந்த நிலையிலிருந்து எண்ணினால் ஒவ்வொரு ஷாக்கிலும் எண்ணிக்கை வேறாகும். உட்கார்ந்தபடி ஒரு நடைபாதை விளிம்பிலிருந்து மெதுவாக இறங்குங்கள். பின்பக்கம் அமுங்கி, எழுந்து, ஒரே முறை சற்றே மேலே போய் நின்றால் சரி. இரண்டு முறை ஆடினால் ஒரு சொடுக்கு மூடுங்கள்; ஆடாமல் சோம்பலாக எழுந்தால் ஒன்று திறங்கள்.

தடத்தில் குறை தெரிந்தால்

இரண்டு மூன்று நிமிடத்தில் முடியும் ஒரே பகுதியைத் தேர்ந்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, திரும்பத் திரும்ப ஓட்டிப் பாருங்கள். டயர் அழுத்தத்தை முதலில் நிலைப்படுத்திவிடுங்கள். 2 பிஎஸ்ஐ வித்தியாசம் மற்ற எல்லா மாற்றங்களையும் மறைத்துவிடும்.

தட்டையான வளைவில் முன்சக்கரம் வழுக்கினால், ஓட்டும் நிலையைச் சோதித்த பிறகு, பின் அமிழ்வு 30-ஐத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். பின்னே தாழ்ந்த வண்டி முன்சக்கரத்தைத் தூக்கிவிடும். அது சரியென்றால் ஸ்டெம்முக்குக் கீழே இருக்கும் 10 மில்லிமீட்டர் வளையத்தை மேலே மாற்றுங்கள். ஹேண்டில்பார் தாழ்வதோடு, திருப்பும் அச்சு சாய்ந்திருப்பதால் 4 மில்லிமீட்டர் முன்னும் போகும். ஏற்றத்தில் முன்சக்கரம் அலைந்தால் சீட்டைத் தண்டவாளத்தில் ஒரு சென்டிமீட்டர் முன்னே தள்ளி, நுனியை ஓரிரு பாகை தாழ்த்துங்கள். நீண்ட ஏற்றத்துக்கு ஷாக்கின் ஏறும் விசையைப் போடத் தயங்க வேண்டாம். அமிழ்வு சரியாக இருந்தும் சின்னத் தாவலுக்கே அடிதட்டினால் காற்றை ஏற்றாதீர்கள். ஷாக் அறைக்குள் பிளாஸ்டிக் அடைப்புத் துண்டு ஒன்றைக் கூட்டுங்கள். தொடக்கம் அப்படியே இருக்கும், கடைசி மட்டும் இறுகும்.

ஃபிரேமையே மாற்ற விரும்புவோருக்கு மூன்று வழிகள். பல ஃபிரேம்களில் ஷாக் பிடிக்கும் இடத்தில் திருப்பிப் போடும் துண்டு இருக்கும். அது ஹெட் கோணத்தை ஏறத்தாழ அரைப் பாகையும், பாட்டம் பிராக்கெட்டைச் சில மில்லிமீட்டரும் நகர்த்தும். ஒரு பாகை சாய்த்த ஹெட்செட் போட்டால் மற்றவை அதிகம் மாறாமல் ஹெட் கோணம் மட்டும் மாறும். ஃபோர்க்கில் 10 மில்லிமீட்டர் ஓட்டம் கூட்டினால் ஹெட் கோணம் அரைப் பாகைக்குச் சற்றுக் குறைவாகச் சாயும், பாட்டம் பிராக்கெட் 3 மில்லிமீட்டர் உயரும், ஆனால் சீட் கோணமும் சேர்ந்தே சாய்ந்துவிடும். ஃபிரேம் எவ்வளவு நீளமான ஃபோர்க்கைத் தாங்கும் என்று தயாரிப்பாளர் எழுதிவைத்திருப்பார். அதைத் தாண்டினால் உத்தரவாதம் போய்விடும்.

இவை எதற்கும் முன், மூட்டுகளில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். வண்டியை நிறுத்தி, சீட்டை இரண்டு விரலால் மெல்லத் தூக்குங்கள். சக்கரம் தரையை விடுவதற்கு முன் டொக் என்று ஒரு சிறு தட்டல் கேட்டால் எங்கோ தேய்ந்திருக்கிறது. நண்பரைத் தூக்கவிட்டு, நீங்கள் ஒவ்வொரு மூட்டின் இணைப்பிலும் விரல்நுனியை வைத்துப் பாருங்கள். தட்டல் விரலில் தெரியும். பேரிங் போய்விட்டது என்று பயந்து பிரித்துப் பார்த்தால், பெரும்பாலும் ஷாக்கின் கண்ணில் இருக்கும் சிறிய புஷ்தான் தேய்ந்திருக்கும். அதை மாற்றி, போல்ட்டுகளை ஃபிரேமில் அச்சிட்டிருக்கும் நியூட்டன் மீட்டர் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கிய பிறகு, அமிழ்வை மறுபடியும் முதலிலிருந்து அளந்துகொள்ளுங்கள்.